மகள் கணக்கு மென்பொருளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறாள்: இது வேலைக்கு ஆகுமா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண், பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரை குனூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளுக்கு ஏதோ ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான சிறு நிரல், எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அடைப்புக்குறியாகவே நிறைந்திருப்பது ஸ்கீம் என்ற நிரல் மொழி. கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஸ்கீம் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கணக்கு அலுவலகமும் அவளை வேலைக்கு எடுக்காது. ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

குனூகேஷின் 1.0 பதிப்பு 1998-ல் வந்தது. கணக்கைக் காக்கும் உட்பகுதி சி, சி++ என்ற நிரல் மொழிகளில் இருக்கிறது. வரவு செலவு அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு போன்றவற்றை மட்டும் கைல் என்ற ஸ்கீம் வகையில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஓர் அறிக்கை நமக்குத் தோதாக இல்லையென்றால் மொத்த மென்பொருளையும் பிரிக்க வேண்டாம். அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். உங்கள் மகள் செய்துகொண்டிருப்பது இதைத்தான். ஆனால் அறிக்கை எழுத உட்கார்ந்ததும் அவள் முன்னால் வந்து நிற்கிற கேள்விகள் கணினிக் கேள்விகள் அல்ல. எந்தக் கணக்குகளைச் சேர்ப்பது? தேதியை எங்கே வெட்டுவது? கடன் அட்டைப் பாக்கியைச் செலவு செய்த நாளில் காட்டுவதா, கட்டிய நாளிலா? பாடப் புத்தகத்தில் அவள் மனப்பாடம் செய்கிற அதே விஷயங்கள். இங்கே தவறாகப் பதில் சொன்னால் கூட்டுத்தொகை இடித்துக்காட்டும்.

ஒரு சின்ன உதாரணம். 100-ஐ மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்கச் சொல்லி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால், ஆளுக்கு 33.33 போட்டு, மொத்தம் 99.99 வரும். மிச்சம் 0.01. இரட்டைப் பதிவு முறையில் பற்றும் வரவும் சமமாக வேண்டுமே! குனூகேஷ் அந்த 0.01-ஐ விழுங்காமல் 'இம்பேலன்ஸ்' (சமமின்மை) என்ற கணக்கில் போட்டு வைக்கும். அதே மாதிரி, பைத்தான் என்ற நிரல் மொழியில் சாதாரணமாக 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பார்த்தால் 0.30000000000000004 என்று வரும், ஏனென்றால் கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டுமே கொண்ட முறை) 0.1 துல்லியமாக அடங்காது. இதனால்தான் குனூகேஷ் ஒவ்வொரு தொகையையும் பின்னமாக, மேலே ஒரு முழு எண் கீழே ஒரு முழு எண் என்று வைத்துக்கொள்கிறது. இதைத் தானே இடறி விழுந்து கண்டுபிடித்தவள், பிற்பாடு எந்த நிறுவனத்தில் ஊதியப் பட்டியல் போட்டாலும் கடைசிக் காசு எங்கே போனது என்று தேடத் தெரிந்தவளாக இருப்பாள்.

இனி அவளுக்கு என் யோசனை. கையில் இருக்கிற ஸ்கீம் அறிக்கையை முடித்துவிடட்டும், பாதியில் விட வேண்டாம். அதற்குப் பிறகு பைத்தானுக்கு வரட்டும். பீன்கவுன்ட் என்று இன்னொரு திறமூலக் கருவி (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) இருக்கிறது. கணக்கு முழுவதும் வெறும் உரைக் கோப்புதான், கருவி பைத்தானில் எழுதப்பட்டது. அதற்குச் செருகுநிரல், அதாவது கருவியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல், எழுதுவது எளிது: பதிவுகளை வாங்கிக்கொண்டு, பதிவுகளையும் பிழைப் பட்டியலையும் திருப்பித் தருகிற ஒரு செயற்கூறு, அவ்வளவுதான். 'இந்தத் தொகைக்கு மேற்பட்ட செலவுக்கு ரசீது இணைக்கப்படவில்லை என்றால் பிழை காட்டு' என்று ஒரு விதியை எழுதச் சொல்லுங்கள். முப்பது வரி கூட ஆகாது. தணிக்கையாளர் பேனாவால் செய்கிற வேலை அது. மணி மேனேஜர் எக்ஸ் என்ற மென்பொருளில் அறிக்கைகளை எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து விவரம் கேட்டு எடுக்கும் மொழி), லுவா (ஒரு சிறிய நிரல் மொழி) இரண்டையும் வைத்து எழுதலாம். லுவா எப்படியோ போகட்டும், எஸ்க்யூஎல்லை விடக் கூடாது.

குனூகேஷை விட மனசு வரவில்லை என்றால் அதற்கும் பைத்தான் வழி உண்டு. ஆனால் விண்டோஸில் நிறுவுகிற வழக்கமான தொகுப்பில் அது வராது. கணக்குப் புத்தகத்தை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் சேமித்துவிட்டு, பைகேஷ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தால் படிப்பது சுலபம். எதுவானாலும் நகலில்தான் வேலை செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் முதன்முதலாக ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டியபோது அது நடுவில் நின்றுபோய், எல்சிகே என்று முடியும் பூட்டுக் கோப்பு அப்படியே தங்கிவிட்டது. அடுத்த முறை திறந்தால் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்ற எச்சரிக்கை. ஒரு வருடக் கணக்கு போய்விட்டதோ என்று கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கணக்கு பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அன்றிலிருந்து நகல் எடுக்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

வேலை என்று வரும்போது, நிறுவனக் கணக்குகளுக்குப் பயன்படும் ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ இரண்டும் பைத்தானில் எழுதப்பட்டவை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அவற்றைத் தைத்துக் கொடுக்க, பேரேடும் தெரிந்து நிரலும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். நிரலாளரிடம் பற்று வரவைப் புரியவைக்கப் படாத பாடு படுகிற அலுவலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் நிற்கிற இடம் அந்த இரண்டுக்கும் நடுவில்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது 'பைத்தான் தெரியும்' என்று ஒரு வரி எழுதுவதைவிட, கற்பனைக் கணக்குகளை வைத்துத் தயாரித்த ஓர் அறிக்கையைத் திறந்து காட்டட்டும். வீட்டு வங்கி விவரம் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.

தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் இதையெல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதில் நான் உங்கள் பக்கம்தான். மற்ற நாட்களில் ஒரு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தத் தொகை எங்கேயிருந்து வந்தது?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவள் தடுமாறாமல் சொல்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள். அந்த அறிக்கை முடிந்ததும், மூலநிரலோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவளுக்கே பதில் போடுகிறேன்.