சின்னப் படகில் சால்மன்: மிச்சிகன் ஏரிக்குப் போகும் கோபிக்காரருக்கு

கேள்வி: எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையமுங்க. பவானிசாகர்ல சின்ன வயசுல இருந்தே விராலுக்குத் தூண்டில் போட்டுப் பழக்கம். மகன் அமெரிக்காவுல மில்வாக்கில இருக்கானுங்க. வர்ற ஆனி மாசம் போனா ஆவணி வரைக்கும் அங்கதான். 16 அடி அலுமினியப் படகு ஒண்ணு வச்சிருக்கான். போன வருசம் மிச்சிகன் ஏரியில அஞ்சு நாள் ட்ரோலிங் போயும் ஒரே ஒரு சின்ன மீனுங்க. பக்கத்துப் படகுக்காரங்க போடற அதே ஸ்பூனை, அந்தப் பளபளக்கற தகட்டுப் போலி இரையை, வாங்கிப் போட்டும் ஒண்ணும் ஆகலை. கனமான குண்டைக் கம்பியில கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கற டவுன்ரிகர் இல்லாம முடியாதுங்கறாங்க. வாங்கித்தான் ஆகணுமுங்களா?

பதில்: உங்கள் ஸ்பூனில் குறை இருந்திருக்காது. அது ஓடிய ஆழத்தில் மீன் இல்லாமல் இருந்திருக்கும், இல்லாவிட்டால் ஓடிய வேகம் தப்பாக இருந்திருக்கும். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துப் போகும் இந்த ட்ரோலிங்கில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம், அடுத்தது வேகம். ஸ்பூனின் நிறமெல்லாம் அதற்குப் பிறகுதான். பக்கத்துப் படகில் என்ன ஸ்பூன் என்று பார்த்தீர்கள். எத்தனை அடி தூண்டில் நரம்பு விட்டிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே மீன் கிடைத்திருக்கும்.

விரால் கரையோரச் செடிகொடிக்குள் இருக்கும். இடத்தைக் கண்ணால் பார்த்தே தவளை வடிவப் போலி இரையான ஃபிராக்கை எறிவீர்கள். மிச்சிகன் ஏரியில் அப்படி அடையாளம் எதுவும் கிடையாது. சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். 105 அடி நிரம்பிய பவானிசாகரைப் போல எட்டு மடங்குக்கும் மேல். அங்குள்ள சினூக், கோஹோ இரண்டும் பசிபிக் கடல் பக்கத்து சால்மன்கள். ஏரியில் ஏல்வைஃப் என்ற சின்ன மீன் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதால் அதைத் தின்ன 1966-இல் கோஹோவையும் 1967-இல் சினூக்கையும் மிச்சிகன் மாநிலத்தார் கொண்டுவந்து விட்டார்கள். லேக் ட்ரௌட்தான் அந்த ஏரியின் சொந்த மீன். இவை எல்லாமே குளிர்ந்த தண்ணீரையும் இரையையும் தேடி நகர்ந்துகொண்டே இருப்பவை.

கோடையில் நம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் குதித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம் முங்கினால் காலடியில் சில்லென்று இருக்கும். மிச்சிகன் ஏரியிலும் ஜூலை, ஆகஸ்டில் அப்படித்தான். மேல் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். கீழே ஓரிடத்தில் சில அடிகளுக்குள் வெப்பம் சடாரென்று இறங்கும். அந்த அடுக்குக்கு தெர்மோக்ளைன் என்று பெயர். சினூக் 10 முதல் 13 டிகிரிக்குள், அதாவது அங்குள்ள கருவிகள் காட்டும் ஃபாரன்ஹீட் கணக்கில் 50 முதல் 55-க்குள் நிற்க விரும்பும். கோஹோவும் கிட்டத்தட்ட அப்படியே. ஸ்டீல்ஹெட் எனப்படும் ரெயின்போ ட்ரௌட் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பைத் தாங்கி மேலே வரும். லேக் ட்ரௌட் 8, 9 டிகிரியில் அடியை ஒட்டிக் கிடக்கும். ஆக, ஒரே இடத்தில் 30 அடியில் ஒரு மீன், 60 அடியில் ஒரு மீன், 110 அடியில் இன்னொன்று என்று மாடி மாடியாக இருக்கும்.

அந்த அடுக்கைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் கருவியில் சென்சிடிவிட்டியைக் கூட்டிக்கொண்டே போனால், மீன் இல்லாத இடத்திலும் குறுக்கே ஒரு மங்கலான பட்டை தெரியும். பெரும்பாலும் அதுதான் தெர்மோக்ளைன். நரம்பில் கட்டி இறக்கும் மீன்பிடி வெப்பமானியை 20 அடிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நிறுத்தி, சட்டென்று இழுத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. காலையில் இதற்குச் செலவிடும் 15 நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

நேற்று இருந்த ஆழத்தில் இன்றும் அடுக்கு இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. மில்வாக்கி, ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. இரண்டு நாள் மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் சூடான மேல் தண்ணீரை ஏரிக்குள்ளே தள்ளிவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரைப்பக்கம் ஏறிவரும். மீனும் அதோடு கரைக்குக் கிட்டே, ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். கீழ்க்காற்று அடித்தால் சூடான தண்ணீர் கரையில் வந்து குவியும்; மீன் ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விடும். சின்னப் படகுக்காரர் மீன் பிடிக்கக் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள் காற்றின் திசையைக் குறித்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். முதல் வருசத்துக்கு டவுன்ரிகர் கட்டாயமில்லை. டிப்சி டைவர் இரண்டு, லெட்கோர் நரம்பு சுற்றிய ரீல் ஒன்று இருந்தால் 80 அடி வரை எட்டலாம். ஜூலையில் சினூக் நிற்கும் ஆழம் பல நாட்களில் இதற்குள்ளேயே வரும்.

டிப்சி டைவர் என்பது உள்ளங்கை அகலத் தட்டு. படகு இழுக்கும்போது தண்ணீரின் அழுத்தத்தில் கீழேயும் பக்கவாட்டிலும் பாயும். அடியில் 0 முதல் 3 வரை திருப்பும் தகடு இருக்கிறது. 0-வில் நேர் பின்னால் ஆழமாக இறங்கும். எண் கூடக் கூடப் பக்கவாட்டில் விலகும், ஆழம் குறையும். பெரிய அளவு டிப்சியை 30 பவுண்டு பின்னல் நரம்பில் போட்டால், 1-இல் வைக்கும்போது ஏறத்தாழ இரண்டரை அடி நரம்புக்கு ஓரடியும், 3-இல் வைக்கும்போது மூன்றடிக்கு ஓரடியும் இறங்கும். 60 அடி வேண்டுமென்றால் 1-இல் 150 அடி, 3-இல் 180 அடி விட வேண்டும். வேகத்துக்கும் இழுக்கும் ஸ்பூனுக்கும் ஏற்ப இது மாறும் என்பதால், மீன் அடித்த நரம்பு நீளத்தை அப்போதே எழுதிவையுங்கள். ரீலில் அடி காட்டும் கவுண்டர் வேண்டும். இல்லையென்றால் நரம்பில் 50 அடிக்கு ஒருமுறை மார்க்கரால் குறி போடுங்கள். குத்துமதிப்பாக விட்ட நரம்பில் ஒரு மீன் வந்தாலும் இரண்டாவது மீன் வராது, ஏனென்றால் அதே ஆழத்துக்குத் திரும்பிப் போக உங்களிடம் கணக்கு இருக்காது.

டிப்சியை இடப்பக்கத் தூண்டில் ராடுக்கும் வலப்பக்க ராடுக்கும் எதிரெதிராகத் திருப்பி வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நரம்பை ஆறடி மட்டும் விட்டுப் படகோரம் இழுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் விலகினால் சரி. படகுக்கு அடியில் நுழைந்தால் மாற்றி வைத்திருக்கிறீர்கள். மீன் அடித்ததும் தட்டு விடுபட்டுத் தட்டையாக வர வேண்டும். அந்தப் பிடிப்பைத் திருகித் திருத்தும் ஆணி ஒன்று இருக்கிறது. மிகவும் இறுக்கினால் சின்ன மீனால் விடுவிக்க முடியாது, தளர்த்திவிட்டால் அலையிலேயே தானாக விடுபடும். தண்ணீரில் விட்டபின் ராடைப் பலமாக ஒரு சுண்டு சுண்டினால் விடுபடுகிற அளவு சரி. டிப்சிக்குப் பின்னால் ஸ்பூனுக்குப் போகும் நரம்பு ராடின் நீளத்தைத் தாண்டக் கூடாது. ராடு 9 அடி என்றால் 7, 8 அடி போதும். டிப்சி ராடு நுனியில் முட்டியபின் மேலே சுற்ற முடியாது. பின்னால் 12 அடி நரம்பு இருந்தால் மீன் கண்ணெதிரே துள்ளிக்கொண்டிருக்கும், கைவலை எட்டாது.

லெட்கோர் உள்ளே ஈயக்கம்பி ஓடும் நரம்பு. பத்து கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மணிக்கு 2 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 5 அடி இறங்கும். ஐந்து நிறம் விட்டால் 25 அடி. இதை நடுவில், படகுக்கு நேர் பின்னால் தூரமாக விடுங்கள். மேல் அடுக்கில் திரியும் ஸ்டீல்ஹெட்டும் கோஹோவும் இதில் வரும். இரண்டு டிப்சிக்கு நடுவே லெட்கோர் ஓடும்போது படகைச் சட்டென்று திருப்பினால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அரை வட்டம் திரும்ப ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

100 அடிக்குக் கீழே லேக் ட்ரௌட் வேண்டுமென்றால் டவுன்ரிகர் வாங்குங்கள். கையால் சுற்றும் வகை ஒன்று போதும், 10 பவுண்டு குண்டோடு. படகின் மெல்லிய அலுமினியத் தகட்டில் நேரடியாகத் திருகாணி போடாதீர்கள். அடியில் அரை இஞ்ச் பிளைவுட் பலகையோ கனத்த தகடோ வைத்து போல்ட் போட வேண்டும். குண்டு பாறையில் மாட்டிக்கொண்டால் கம்பி படகின் ஓரத்தைக் கீழே இழுக்கும். சின்னப் படகில் அந்த நேரம் பின்பக்கம் அலை ஏறிவிடும். உடனே கியரை நியூட்ரலில் போட்டு, டவுன்ரிகர் பிரேக்கைத் தளர்த்துங்கள். அதிலும் விடாவிட்டால் கம்பியை வெட்டிவிடுங்கள். கம்பி வெட்டும் குறடு பெட்டிக்குள் கிடக்காமல் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும்.

அடுத்தது வேகம். சால்மனுக்கு மணிக்கு 2.2 முதல் 2.8 மைல், ஆள் மெதுவாக நடக்கிற வேகம். லேக் ட்ரௌட்டுக்கு 2-க்குக் கீழே. உங்கள் மகன் படகின் பெரிய எஞ்சின் ஐடிலிலேயே இதைத் தாண்டி ஓடினால், தண்ணீரில் பை போல விரியும் ட்ரோலிங் பேகை முன்பக்கக் கொக்கியில் கட்டிப் பக்கவாட்டில் இழுத்துப் போங்கள். வேகம் குறையும், காற்றில் முன்பக்கம் அலைக்கழிவதும் நிற்கும். கயிறு புரொப்பெல்லரை எட்டாத நீளத்தில் இருக்கட்டும்.

ஜிபிஎஸ் காட்டுவது படகின் வேகம். 60 அடி கீழே வேறு நீரோட்டம் ஓடலாம். வடக்கே போகும்போது மீன் அடித்து, தெற்கே திரும்பினால் ஒன்றுமே அடிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். கீழே உள்ள வேகத்தை அளக்க விலை உயர்ந்த கருவிகள் உண்டு. அவை இல்லாமலே படகு வளையும்போது தெரிந்துகொள்ளலாம். இடப்பக்கம் வளைந்தால் இடப்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும். வலப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலேறும். வலப்பக்கம், அதாவது வெளிப்பக்கம் மீன் அடித்தால் நேராக ஓடும்போதும் 0.2 மைல் கூட்டுங்கள். உட்பக்கம் அடித்தால் குறைத்துப் பாருங்கள். அதனால்தான் நேர்கோட்டில் போகாமல் பாம்பு போல மெல்ல நெளிந்து ஓட்டச் சொல்கிறார்கள்.

ஸ்பூனைப் பற்றியும் கொஞ்சம். ஏல்வைஃப் நீளத்துக்கு ஒத்த நாலு இஞ்சுக்குச் சற்றுக் குறைந்த ஸ்பூன் எல்லாருக்கும் பொது. விடியுமுன் இருட்டில் ஒளிரும் பூச்சு, வெயில் வந்தபின் பச்சை, நீலம். சிவப்பு ஆழத்தில் முதலில் மங்கிவிடும் நிறம். ஒரு டிப்சியில், சுழன்று மின்னி மீனை இழுக்கும் 8 இஞ்ச் ஃபிளாஷர் தகட்டைப் போட்டு, அதற்கு 20, 24 இஞ்ச் பின்னால் இழை குஞ்சம் கொண்ட போலி இரையான ஃபிளையைக் கட்டுங்கள். ஃபிளாஷர் சுற்றும்போது ஃபிளை வெட்டி வெட்டி ஓட வேண்டும். இடைவெளி அதிகமானால் அந்த வெட்டு போய்விடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றிப் பாருங்கள். ஒரு சாண் மீன் மாட்டி மணிக்கணக்கில் இழுபடுவது, ஆகஸ்டில் ஸ்பைனி வாட்டர் ஃப்ளீ என்ற முள் பூச்சி நரம்பில் பஞ்சு போல அப்பி ராடு வளையத்தை அடைப்பது, இரண்டும் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மீன் அடிக்கும்போது உங்கள் விரால் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஃபிராக்கில் அடித்ததும் ஓங்கிச் சுண்டுவீர்கள். இங்கே படகு ஓடிக்கொண்டிருப்பதால் முள் தானாகவே ஏறியிருக்கும். பின்னல் நரம்பு நீளாது. சுண்டினால் வாய் கிழிந்து மீன் போய்விடும். ரீலின் பிடி இறுக்கமான டிராக்கை, நரம்பைக் கைத்தராசில் கட்டி இழுத்துப் பார்த்து, 2 கிலோவிலேயே நரம்பு விடுமாறு வையுங்கள். சினூக் முதல் ஓட்டத்தில் 100, 150 அடி இழுத்துப் போகட்டும். ராடை ஹோல்டரிலிருந்து எடுத்து, வளைவு குறையாமல் பிடித்திருந்தால் போதும். எஞ்சினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மற்ற தூண்டில்கள் தாழ்ந்து பின்னிக்கொள்ளும், மீனின் நரம்பும் தொய்யும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மீன் வரும் பக்கத்து நரம்பை மட்டும் மகன் சுற்றி எடுக்கட்டும். கைவலையை மீனுக்கு வால் பக்கம் கொண்டுபோகாமல், தலை வரும் வழியில் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடியுங்கள்.

காற்றைப் பற்றி மேலே சொன்னதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேல்காற்று நாளில் மில்வாக்கிக் கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும். ஐந்து மைல் உள்ளே போனால்தான் அலை தெரியும். திரும்பி வரும்போது காற்று முகத்துக்கு நேரே. ஆடிக்காற்றில் பவானிசாகரில் பரிசல் போட்டவருக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே எதிர்க்கரை தெரியும், இங்கே தெரியாது. 16 அடிப் படகில் அலை மூன்றடியைத் தொடும் என்று வானிலை அறிக்கை சொன்னால் கிளம்பாதீர்கள். சிறு படகு எச்சரிக்கை வந்த நாளில் கேள்வியே இல்லை. ஆனியில்கூட ஏரித் தண்ணீர் 10 டிகிரி இருக்கலாம். விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தாறுமாறாகித் தண்ணீரைக் குடித்துவிடுவோம். நல்ல நீச்சல்காரருக்கும் அதுதான் கதி. லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவர் இடுப்பில் இருக்கட்டும். கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஒன்று வாங்குங்கள், அவசரத்துக்கு 16-ஆவது சேனல். டவுன்ரிகருக்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான்.

மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியூர்க்காரருக்கான மீன்பிடி உரிமமும், அதோடு கிரேட் லேக்ஸ் ட்ரௌட், சால்மன் ஸ்டாம்ப்பும் உங்கள் பெயரில் தனியாக எடுக்க வேண்டும். மகனுடைய உரிமம் உங்களுக்குச் செல்லாது.

மீனை வெட்டும்போதும் ஒரு கவனம். அந்த ஏரியின் பெரிய மீன்களின் கொழுப்பில் பிசிபி என்ற பழைய தொழிற்சாலை நச்சு சேர்ந்திருக்கிறது. எந்த மீனை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சாப்பிடலாம் என்று மாநில அரசே அட்டவணை வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வரம்பு இன்னும் குறைவு. பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடித்து ஐஸில் வையுங்கள். வீட்டில் தோலை உரித்து, வயிற்றோரக் கொழுப்பையும் முதுகோரக் கொழுப்பையும் பக்கவாட்டின் நடுவே பழுப்பாக ஓடும் சதையையும் நீக்கிவிடுங்கள். குழம்பு வைத்தால் கொழுப்பெல்லாம் குழம்பிலேயே தங்கும். மிளகும் மஞ்சளும் உப்பும் தடவிக் கம்பி அடுப்பில் வாட்டினால் கொழுப்பு கீழே சொட்டிவிடும். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு நடுத்தர அளவு கோஹோவை எடுத்துவையுங்கள், பெரிய லேக் ட்ரௌட் வேண்டாம்.