நட்ட முடி கொட்டினால் பணம் போயிற்று என்று அர்த்தமா?

"முடி நடவு அறுவை சிகிச்சை செய்து 40 நாள் ஆகிறது. நட்டதெல்லாம் கொட்டிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டியதை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். ராத்திரி கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருப்பீர்கள். நானும் அப்படி நின்றவன்.

நான் மருத்துவன் அல்ல. நீடாமங்கலம் பக்கத்தில் ஆறு ஏக்கர் நெல் சாகுபடி செய்கிறவன். எந்த மருத்துவமனையின் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஆகவே விளம்பரம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். விவசாயிக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 32 வயதில், தஞ்சாவூர் பஸ்ஸில், ஒரு கல்லூரிப் பையன் எழுந்து நின்று "உட்காருங்கள் பெரியவரே" என்றான். நல்ல பிள்ளைதான், அவன்மேல் குற்றமில்லை. ஆனால் அம்மாப்பேட்டை தாண்டியும் நான் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. என் தலை, என் உழைப்பில் வந்த பணம்.

திருச்சியில் ஒரு புரட்டாசியில் செய்துகொண்டேன். பிடரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நடும் எஃப்.யூ.இ. முறை, 2,200 கிராஃப்ட். கிராஃப்ட் என்பது வேரோடு எடுக்கும் சின்ன முடிக்கொத்து, ஒன்றில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும். மூன்றாம் நாள் காலை நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கிவிட்டது. குளவி கொட்டியதா என்று அம்மா பதறினார். மரத்துப்போவதற்காகத் தலையில் ஏற்றிய மருந்துநீர்தான் கீழே இறங்குகிறது, தலையை உயர்த்தியே படுங்கள் என்றார் மருத்துவர். ஏழு இரவு அப்பாவின் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினேன். தலைக்குத் தண்ணீர் விடுவதென்றால் மக்கில் மொண்டு, தேய்க்காமல், மெல்ல ஊற்ற வேண்டும். பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்து கையில் வந்தது. ஒவ்வொரு பொருக்கிலும் ஒரு முடி குத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிற்று.

வெயில் படக்கூடாது, தூசி ஆகாது, முண்டாசு கட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதே நேரம் குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே சாலையோரம் கொட்டிக் கிடந்தது. எனக்குப் பதில் தம்பி ஒன்பது நாள் காவல் இருந்தான். 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று திருப்புவார்கள், காயவைத்தால் மழை வரும், மறுபடி ஈரம். விளைவித்தவன் சாலையில் படுக்க வேண்டும், சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையிலும் வைக்க வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த ஒன்பது நாளும் தலையைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஐந்தாம் வாரத்தில் நட்ட முடி கொட்டத் தொடங்கி, தலை பழையபடி வெறிச்சென்று ஆயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. அத்தைதான் சொன்னார்: "நாற்றைப் பறித்து நட்டால் பழைய தாள் பழுக்கத்தானே செய்யும்? வேர் பிடித்தால் தானே பச்சை திரும்பும்." மருத்துவரும் அதையேதான் சொன்னார். உதிர்வது முடி மட்டும்தான், வேர் தோலுக்குள் ஓய்வெடுக்கிறது. பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும். எனக்கு நான்காம் மாதம் பூனைமுடிபோல் வந்தது, ஆறாம் மாதம் பாதி தெரிந்தது. முழுப் பலனைப் பார்க்க ஒரு வருடம் பிடிக்கும், உச்சந்தலைக்கு 18 மாதம்கூட ஆகலாம். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்று சொல்ல மாட்டேன். சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

பதினெட்டு வயது அடர்த்தி திரும்பாது. பிடரியில் இருப்பது அளவான சொத்து, எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. நடாத பழைய முடி தன்பாட்டில் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். அதைக் காப்பாற்றத்தான் மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகள். அவற்றை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது. எனக்கு இதை முன்பணம் கட்டும்போது யாரும் சொல்லவில்லை, கட்டிய பிறகுதான் சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பதினான்காம் மாதம், கார்த்திகையில், வைத்தீஸ்வரன் கோயிலில் அக்கா மகனுக்கு முடியிறக்கிக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில்தானே பிள்ளை. எனக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நானும் மொட்டை போட்டேன். முடி எடுத்தவர் பிடரியில் கையை நிறுத்தி, "இதென்ன தம்பி, இத்தனை வெள்ளைப் புள்ளி?" என்றார். இங்கிருந்து எடுத்து முன்னால் நட்டது என்றேன். நெற்றி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இங்கே ஒன்றும் தெரியவில்லையே" என்றார்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது, முன்நெற்றியிலும்தான். நீங்கள் தினமும் கண்ணாடி பார்ப்பதை விடுங்கள். மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். இன்று எடுத்ததையும் அழித்துவிடாதீர்கள்.