பாவித்த கியர் பொக்ஸ் பொருத்திய பின்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 2003 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 கார் இருக்கிறது. ரிவர்ஸ் கியர் வழுக்கத் தொடங்கியதால், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஒட்டோ கியர் பொக்ஸ் ஒன்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி, ஊரில் ஒரு கராஜில் மாற்றினேன். முதல் நாளிலிருந்தே ‘டீ’யில் போட்டால் மூன்று செக்கன் வரை கார் அசைவதில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் வெறுமனே இரைகிறது. பழைய பெட்டியிலிருந்து வடிந்தது 3 லீற்றர் என்பதால் புது ஒயிலும் அதே அளவுதான் ஊற்றினோம். பெட்டி பழுது என்கிறார் மெக்கானிக். பொருத்தியதில் பிழை என்கிறார் விற்றவர். இன்னொரு பெட்டி வாங்குவதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இன்னொரு பெட்டிக்குப் பணம் கொடுப்பதைச் சற்றுப் பொறுத்து வையுங்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த 3 லீற்றர் கணக்குத்தான் முதலில் விசாரிக்கப்பட வேண்டியது. ஒட்டோ கியர் பொக்ஸின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றும்போது சம்பில், அதாவது அடித்தொட்டியில், தேங்கிய ஒயில் மட்டுமே வெளியேறுகிறது. எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டருக்குள்ளும், ஒயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்களிலும் நிற்பது வடிவதில்லை. கப்பலில் வந்து கடையில் கிடந்த பெட்டியோ பெரும்பாலும் ஒயில் வடிக்கப்பட்ட நிலையில் இருக்கும். கொன்வேர்ட்டரும் காலியாக இருந்திருந்தால், உங்கள் காரிலுள்ள யூ340ஈ வகைப் பெட்டிக்கு மொத்தம் 6 முதல் 7 லீற்றர் வரை தேவைப்படும். பாதி ஒயிலுடன் ஓடும் பெட்டியில் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுவதால் அழுத்தம் எழத் தாமதமாகிறது, கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்குகின்றன. நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு குறைகளும் அவ்வாறு தோன்றக்கூடியவையே. இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் நல்ல பெட்டியும் எரிந்துபோகும் என்பதால், அளவைச் சரிசெய்யும்வரை காரை வெளியே எடுக்காதிருப்பது நல்லது.

டிப்ஸ்டிக்கில் அளவு சரியாகத்தான் இருந்தது என்று கராஜில் சொல்லக்கூடும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அது அப்படித்தான் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே சுழலும் ஒயில் நின்றதும் சம்புக்குத் திரும்பிவிடுவதால், குறைவாக உள்ள பெட்டியும் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். காரைச் சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பிரேக்கை மிதித்தபடி லீவரை ‘பீ’யிலிருந்து ‘எல்’ வரை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி நகர்த்தி, மீண்டும் ‘பீ’க்குக் கொண்டுவந்த பிறகே கம்பியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். குறைந்திருக்கும் அளவை முதலில் குளிர்நிலைக் குறிவரை ஊற்றி நிரப்புங்கள். பின்னர் சிறிது தூரம் ஓட்டி, ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறியதும், சூட்டுநிலைக் குறிக்குள் வரும்வரை கால் லீற்றர் கால் லீற்றராகச் சேருங்கள். மிகையாக ஊற்றினாலும் பற்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். இந்தப் பெட்டிக்கு டொயோட்டா விதித்திருப்பது டைப் டீ-4 (Type T-IV) ஒயில் ஆகும். சிவப்பாக இருப்பவை எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தில் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் பழக்கம் நம் கராஜ்களில் இன்னும் ஒழியவில்லை.

அளவு சரியான பின்னும் குறை நீடித்தால் ஒரு மணிக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான நிலையில், எஞ்சின் ஐட்லிங்கில் இருக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘என்’னிலிருந்து ‘டீ’க்கு மாற்றியதிலிருந்து பெட்டி பிடிக்கும் சிறு அதிர்வு தெரியும்வரை உள்ள நேரத்தை அளக்க வேண்டும். இது 1.2 செக்கனுக்கும், ‘என்’னிலிருந்து ‘ஆர்’க்கு 1.5 செக்கனுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளி விட்டு மும்முறை அளந்து சராசரியைக் கொள்ளுங்கள். இரண்டுமே தாமதித்தால் பொதுவான அழுத்தம் குறைவு, அதாவது ஒயில் வடிகட்டி அடைபட்டிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலனோய்ட் எனும் மின்வால்வு பழுதாகியிருக்கலாம். ‘டீ’ மட்டும் தாமதித்தால் முன்னோக்கிய கிளட்ச் மீது ஐயம் விழுகிறது.

அதே வேளை ஸ்கேனரையும் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பீ0750 (P0750) முதலான பிழைக் குறியீட்டு எண்கள் வந்தால் கியர் மாற்றும் சொலனோய்ட்களின் பக்கம் போக வேண்டும். கியர் மாற்றத்தைத் தீர்மானிக்கும் இரு சொலனோய்ட்களின் மின்தடை 20 பாகையில் 11 முதல் 15 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னரே, பெட்டியை இறக்கி ஏற்றியபோது கழற்றிய ஏர்த் வயர் மீண்டும் பூட்டப்பட்டதா என்று பாருங்கள். பெட்டியின் மீது பழியைப் போட்டு மூன்று தடவை இறக்கி ஏற்றிய ஒரு காரில், இறுதியில் அந்த ஒற்றை வயர் தூசியுடன் தொங்கிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு விடயங்கள். பழைய பெட்டி வழுக்கியே பழுதானது என்பதால், அதன் கிளட்ச் தட்டுகளின் துகள்கள் ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலரில் தங்கியிருக்கும். கூலரைக் கழுவாமல் பெட்டியை மாற்றியிருந்தால் அந்தக் குப்பை புதிதாக வந்ததற்குள் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது, யூ340ஈ என்ற பெயரிலேயே அலியன், ப்ரீமியோ 240 வகைகளுக்கும் பெட்டிகள் வந்துள்ளன. காரின் தகட்டில் பெட்டியின் பெயரை அடுத்து வரும் அச்சுக் (axle) குறியீடு வேறாயின் இறுதிப் பல் விகிதமும் மாறியிருக்கலாம், எனவே உங்கள் காரின் குறியீட்டையும் பெட்டி வந்த காரின் குறியீட்டையும் ஒப்பிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், காலையில் நன்றாகப் பிடித்துச் சூடேறியதும் தாமதிக்கிறது என்றால், உள்ளே சீல்களோ பம்போ தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். சூட்டில் நீர்த்த ஒயில் அந்த இடைவெளிகளால் கசிந்துவிடுகிறது. அப்போது விற்றவரே பொறுப்பு. சம்பைத் திறப்பதற்கு முன் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள், இல்லையேல் திறந்ததையே காரணமாக்கி உத்தரவாதத்தைக் கைவிடுவார். சம்புக்குள் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பானது. பளபளக்கும் உலோகச் சீவல்களோ கரிந்த தட்டுத் துண்டுகளோ கிடந்தால் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நிசான் எப்.பீ. 15 காருக்குப் பாவித்த பெட்டி போட்டோம். ஓட்டத்தில் குறையில்லை. ஆனால் ‘பீ’யில் ஸ்டார்ட் ஆவதில்லை, ‘என்’னில் மட்டும் ஆகிறது, ரிவர்ஸ் விளக்கும் எரிவதில்லை.
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: பெட்டியின் வெளிப்புறத்தில், லீவர் தண்டின் மீது, கியர் நிலையைக் கணினிக்கு அறிவிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ‘பீ’, ‘என்’ ஆகிய இரண்டில் மட்டும் ஸ்டார்ட்டருக்கு அனுமதி தருவதும், ரிவர்ஸ் விளக்கை எரியவைப்பதும் அதுவே. உங்கள் காரில் அந்தச் சுவிட்சோ லீவர் கேபிளோ சற்று விலகிப் பூட்டப்பட்டிருக்கிறது. முதலில் கேபிளையும், பிறகு பெட்டியை ‘என்’னில் வைத்துச் சுவிட்சையும் நேர்ப்படுத்தினால் போதும்; வேலை அரை மணித்தியாலத்தைத் தாண்டாது. அதற்காக இப்படியே ஓட்டலாம் என்று விட்டுவிடாதீர்கள், ஏனெனில் விலகியிருப்பது கேபிளானால் உள்ளேயுள்ள வால்வும் அரைகுறையாகத் திறந்து கிளட்சுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கலாம்.

கேள்வி: பெட்டியை மாற்றி முதன்முதலில் ஸ்டார்ட் செய்தபோது கரகரவென்று ஓர் ஒலி எழுந்தது. அதன்பின் முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. ஒயில் அளவு சரியாகவே உள்ளது. காரணம் என்ன?
– வாசகர், திருகோணமலை

பதில்: வருத்தமான பதில்தான். டோர்க் கொன்வேர்ட்டர் பெட்டிக்குள் மூன்று இடங்களில் பொருந்த வேண்டும்: நடுத்தண்டின் பற்களில், ஸ்டேட்டரின் பற்களில், இறுதியாகப் பம்பை இயக்கும் காதுகளில். மூன்றாவதில் விழாமல் இரண்டிலேயே நின்ற கொன்வேர்ட்டரோடு பெட்டியை எஞ்சினில் வைத்து போல்ட்களை இறுக்கினால், பம்பின் பற்சக்கரம் நசுங்கியோ உடைந்தோ போகும். பம்ப் இல்லையேல் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லையேல் எந்தக் கியரும் இல்லை. பெட்டி எஞ்சினோடு கையால் தள்ளும்போதே ஒட்டி அமர வேண்டும். அமர்ந்தபின் கொன்வேர்ட்டரைச் சுழற்றினால் தடையின்றிச் சுழன்று, எஞ்சின் தட்டுக்கும் அதற்கும் சில மில்லிமீற்றர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல், போல்ட்டை இறுக்கித்தான் பெட்டியை இழுத்துச் சேர்த்தோம் என்று உங்கள் மெக்கானிக் ஒப்புக்கொண்டால் நடந்தது இதுவே. மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் பெட்டியை இறக்கிப் பம்பைப் பாருங்கள். உடனே நிறுத்தியிருந்தால் பம்பை மட்டும் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். இதில் விற்றவரிடம் சண்டைக்குப் போவது நியாயமாகாது.

கேள்வி: எங்கள் பழைய கொரோலா 110இல் பெட்டி மாற்றியபின் கியர்கள் முட்டி முட்டி விழுந்தன. மெக்கானிக் எஞ்சின் பக்கம் ஒரு கேபிளைத் தளர்த்தினார். இப்போது வெண்ணெய்போல் மாறுகிறது. இப்படியே விடலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: விடக்கூடாது. அவர் தளர்த்தியது த்ரொட்டில் கேபிள். நீங்கள் அக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைப் பெட்டிக்குத் தெரிவித்து, அதற்கேற்ப ஒயில் அழுத்தத்தை உயர்த்துவது அதுதான். தளர்ந்த கேபிள், நீங்கள் முழுதாக மிதித்து ஏற்றம் ஏறும்போதும் மெதுவாகத்தான் போகிறீர்கள் என்று பெட்டிக்குப் பொய் சொல்கிறது. அழுத்தம் குறைந்து தட்டுகள் வழுக்கியபடி பிடிப்பதையே நீங்கள் வெண்ணெய் என்கிறீர்கள். அக்சிலரேட்டரை முழுதாக மிதித்த நிலையில், கேபிளின் உறை முனைக்கும் உள்கம்பியில் இருக்கும் நிறுத்தத்துக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும்படி இன்றே சரிசெய்யச் சொல்லுங்கள். அப்படி வைத்தும் முட்டுதல் திரும்பினால், பெட்டியையும் எஞ்சினையும் தாங்கும் ரப்பர் மவுண்ட்களைப் பாருங்கள். பெட்டியை மாற்றியபோது கிழிந்த மவுண்டையே திரும்பப் போட்டிருப்பார்கள்.