இரண்டரை வயது மகளை ஏற்றிச் செல்ல பழைய சைக்கிள் வாங்கலாமா?

கேள்வி: கொரட்டூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மகளுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. காலையில் அவளை நாலு தெரு தள்ளி இருக்கும் மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போக ஒரு பழைய சைக்கிள் வாங்கலாம் என்று நினைக்கிறேன். கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் மூன்று வருடமாகச் சும்மா நிற்கும் லேடீஸ் சைக்கிளை 2,500-க்குத் தருகிறார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் ஓட்டிய கியர் சைக்கிள், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்தது, 4,500-க்கு வருகிறது. கணவர் கியர் சைக்கிளை வாங்கச் சொல்கிறார். குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: லேடீஸ் சைக்கிளை வாங்குங்கள், ஆனால் கீழே சொல்கிற சோதனையில் அது தேற வேண்டும். கியர் சைக்கிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். பின்னால் ஷாக் வைத்த சைக்கிளில் பின்சக்கரம் தனியாக ஏறி இறங்கும், அதனால் அதன்மேல் கேரியரையும் குழந்தை சீட்டையும் ஆடாமல் உறுதியாகப் பொருத்த முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் நடுவில் இருக்கும் உயரமான பார். பின்னால் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டு ஏற முடியாது, முன்பக்கமாகத் தூக்கித் தாண்ட வேண்டும், அந்த ஒரு நொடியில் வண்டி சாய்ந்தால் 12 கிலோவும் சேர்ந்து சாயும். லேடீஸ் சைக்கிளில் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றுகொண்டே ஏறலாம், இறங்கலாம். புடவையோ சுடிதாரோ, எதில் போனாலும் சரி. கியரைப் பொறுத்தவரை, சென்னை மாதிரி மேடு பள்ளமில்லாத ஊரில் நீங்கள் போகிற தூரத்துக்கு அது தேவையே இல்லை.

இப்போது சோதனை. பணம் கொடுப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் சைக்கிளைப் பாருங்கள். முதலில் ஃபிரேம். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், அங்கே பெயிண்ட் சுருங்கியோ மடிப்பு விழுந்தோ இருந்தால் அந்த வண்டி எங்கேயோ நேராகப் போய் மோதியிருக்கிறது என்று அர்த்தம். வெல்டிங் ஓரங்களில் மயிரிழை மாதிரி துருக்கோடு இருந்தால் அது விரிசலாக இருக்கலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பின்னோக்கி வளைந்திருக்கக் கூடாது. அப்புறம் டயரை நனைத்துவிட்டு காய்ந்த தரையில் நேராகத் தள்ளிப் பார்த்தால், முன்சக்கரத் தடமும் பின்சக்கரத் தடமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும். ஃபிரேமோ ஃபோர்க்கோ கோணலாக இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள், விரிசல் அதற்கடியில் மறைந்திருக்கலாம்.

மற்ற குறைகளெல்லாம் சரிசெய்யக் கூடியவை, அதை வைத்து விலையைக் குறைத்துப் பேசுங்கள். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? சக்கர அச்சுக்குள் இருக்கும் கோன், பால்ஸ் தேய்ந்திருக்கலாம். பெடலை முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்று சத்தம் வருகிறதா? பெடல் தண்டை அச்சோடு இறுக்குகிற காட்டர் பின் மாற்ற வேண்டியிருக்கும். ரிம் கோணலாக ஓடினால் பெண்டு எடுத்துவிடலாம், ஸ்போக்ஸ் இரண்டு மூன்று உடைந்திருந்தாலும் போட்டுக்கொள்ளலாம். செயினை அளக்க ஒரு ஸ்கேல் போதும்: புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து 24-வது கண்ணியின் பின் வரை சரியாக 12 அங்குலம் இருக்கும், அது 12 அங்குலத்தைத் தாண்டி எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பல்சக்கரமும் தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் நின்ற வண்டி என்பதால் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கும். இரண்டு டயர், இரண்டு டியூப் மாற்ற வேண்டும் என்று இப்போதே கணக்கில் வைத்துவிடுங்கள். நல்லவேளையாக இந்த மாதிரி சாதா சைக்கிளுக்குச் சாமான் கிடைப்பதில் கஷ்டமில்லை. நீங்கள் வேலை பார்க்கும் அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளைச் செய்தது, அந்தப் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகளுக்கு இவற்றின் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். ஒருவரிடம் கொடுத்து முழுசாக ஓவராயிலிங் செய்யச் சொல்லுங்கள்.

பிரேக்கில் மட்டும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய சைக்கிள்களில் ரிம் பெரும்பாலும் இரும்பு. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் ரப்பர் வழுக்கும், காய்ந்த நாளில் நிற்கிற தூரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தள்ளிப் போய்த்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழந்தையோடு போகிறீர்கள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை. கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற கம்பி பிரேக் வைத்த வண்டி என்றால் நான் தயங்குவேன். கேபிள் பிரேக் என்றால் ரப்பரையும் கேபிளையும் புதிதாகப் போடுங்கள், முடிந்தால் முன்சக்கரத்துக்காவது அலுமினிய அலாய் ரிம் போட்டுவிடுங்கள்.

குழந்தை சீட்டுக்கு வருவோம். ஹேண்டில்பாருக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன இரும்பு சீட் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறது, குழந்தையும் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஆனால் அதில் பெரும்பாலும் பெல்ட் கிடையாது, காலுக்கு மறைப்பும் கிடையாது. நல்ல முன்சீட்டுகூடச் சுமார் 15 கிலோ வரைதான் தாங்கும், உங்கள் மகள் அதைத் தாண்ட அதிக காலம் ஆகாது. பின்னால் பொருத்துகிற, முதுகு உயரமான, தோள் பெல்ட்டும் காலுக்குத் தடுப்பும் உள்ள சீட்டை வாங்குங்கள், அவை பொதுவாக 22 கிலோ வரை தாங்கும். கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருந்தால் அதையும் பாருங்கள். லொடலொடக்கிற கேரியர் என்றால் மாற்றிவிடுங்கள்.

மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சைக்கிளில் குழந்தைகளுக்கு வருகிற மோசமான காயம் பல நேரம் விழுவதால் வருவதில்லை, கால் ஸ்போக்ஸுக்குள் போவதால்தான் வருகிறது. தூக்கக் கலக்கத்தில் கால் லேசாகத் தொங்கினாலே போதும், கணுக்காலைக் கிழித்துவிடும், எலும்புகூட முறியும். அதனால் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் சேலை கார்டு கட்டாயம் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் துப்பட்டாவுக்கும் அதுதான் பாதுகாப்பு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: நீங்கள் உட்காரும் சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங். பின்னால் இருக்கும் குழந்தை அதைத்தான் பிடித்துக்கொள்ளும், பள்ளத்தில் வண்டி இறங்கும்போது பிஞ்சு விரல் நசுங்கும். கெட்டியான துணியோ ரெக்சினோ வைத்துச் சுற்றி மூடுங்கள், அல்லது ஸ்பிரிங் இல்லாத சீட் போடுங்கள்.

ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு குழந்தையைச் சீட்டிலேயே விட்டு அரை நிமிடம்கூட நகராதீர்கள். சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு இரண்டு கால் ஸ்டாண்டு போடுங்கள், அப்போதும் ஒரு கை வண்டியில் இருக்கட்டும். ஏற்றும்போது குழந்தையைக் கடைசியாக ஏற்றுங்கள், இறக்கும்போது முதலில் இறக்குங்கள். சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டினால் அவள் முகத்தில் இடிக்கும், முன்கூடையில் வையுங்கள்.

ஹெல்மெட் வேண்டும். இருசக்கர மோட்டார் வண்டியில் 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும் பெல்ட்டும் கட்டாயம் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சைக்கிளுக்கு அந்த விதி கிடையாது, ஆனால் தலை அதே தலைதானே. குழந்தைகளுக்கான லேசான சைக்கிள் ஹெல்மெட்டாக வாங்குங்கள், மோட்டார் ஹெல்மெட்டின் கனத்தை இந்த வயதுக் கழுத்து தாங்காது. இதைப் பழையதாக வாங்க வேண்டாம், ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம்.

எல்லாம் தயாரானதும் முதல் வாரம் மகளை ஏற்றாதீர்கள். சீட்டில் 10 கிலோ அரிசிப் பையைப் பெல்ட் போட்டுக் கட்டி, காலை நேரத்தில் தெருவில் ஓட்டிப் பழகுங்கள். திரும்பும்போதும் நிற்கும்போதும் பின்பாரம் எப்படி இழுக்கிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். மாமியாரையும் பார்க்கச் சொல்லுங்கள். வழியைப் பொறுத்தவரை உங்களுக்கு அமைந்தது நல்லது, பள்ளி உள்தெருக்களிலேயே இருப்பதால் லாரி ஓடுகிற எம்டிஎச் ரோட்டில் நீங்கள் தனியாக மட்டும் போனால் போதும். எந்த நாளிலும் இந்த வழியை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

விலை 2,500 அதிகம். டயர், டியூப், பிரேக், ஓவராயிலிங் எல்லாம் உங்கள் தலையில்தான் விழப் போகிறது என்று சொல்லி 1,500-க்குக் கேளுங்கள், 1,800 வரை போகலாம். மிச்சத்தில் முதலில் பிரேக், டயர், சேலை கார்டு, பிறகு சீட், ஹெல்மெட். பணம் பற்றாவிட்டால் ஒரு மாதம் தனியாக வேலைக்கு ஓட்டுங்கள், சீட்டும் ஹெல்மெட்டும் அடுத்த சம்பளத்தில் வாங்கிய பிறகு மகளை ஏற்றுங்கள். தெரிந்தவராக இருந்தாலும் பழைய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் குழாயிலோ பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பரை எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.