முதல் பத்து கிலோமீட்டர்

அன்புள்ள ஐயா,

பினாங்குப் பால மராத்தானில் முழுத் தூரத்துக்குப் பதிந்திருக்கிறேன். வயது 41. பயிற்சியில் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. மீதி 12 கிலோமீட்டரை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அன்று நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடைசி 12 கிலோமீட்டரின் கதி முதல் பத்து கிலோமீட்டரிலேயே முடிவாகிவிடும். நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஓட்டம் அது. வெயில் இல்லை, கடற்காற்று வேறு. கால் தானாகப் பறக்கும். நம்பிவிடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயாது, அதனால் உடம்புச் சூடு தணியாது. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். என் முதல் ஓட்டத்தில் கூட்டத்தோடு பாய்ந்தேன். 32ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் கல்லாக இறுகி, பாலத்தின் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் அந்த ஏற்றம் உண்டு. அங்கே அடியைச் சிறிதாக்குங்கள், நடந்தாலும் குற்றமில்லை.

தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புச் சத்துள்ள பானத்தையும் மாற்றி மாற்றிக் குடியுங்கள். கோப்பையின் வாயை இரு விரலால் கிள்ளி ஒடுக்கிக்கொண்டால் மூக்கில் ஏறாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். மாலையில் சோறும் காரமில்லாத குழம்பும். தொடங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ரொட்டியும் வாழைப்பழமும் போதும். காலணியும் காலுறையும் பழகியவையாகவே இருக்கட்டும். அன்று பிற்பகலே படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடங்கள்.

பினாங்குத் தீவிலிருந்து பெருநிலத்தை நோக்கி ஓடும்போது இடப்பக்கம் உங்கள் ஊர் விளக்குகள் தெரியும். அப்போதும் வேகம் கூட்டாதீர்கள்.

முடித்ததும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். வீடு திரும்ப மறுபடி அதே பாலத்தைக் கடக்க வேண்டுமே, தூங்காத கண்ணோடு நீங்கள் கார் ஓட்டக் கூடாது. வீட்டில் யாரையாவது இப்போதே கேட்டு வையுங்கள்.