மூக்கோரத்து மரு: கத்தியா, கரண்ட்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூக்கின் வலது ஓரத்தில் மிளகளவு இருந்த கறுப்பு மரு, இரண்டு வருடத்தில் சுண்டைக்காய் அளவாகிவிட்டது. ஷேவ் செய்யும்போது பிளேடு பட்டு ரத்தம் வரும், பொருக்குத் தட்டும், மறுபடி வரும். பயாப்ஸியில் ‘பேசல் செல் கார்சினோமா’ என்ற தோல் புற்றுநோய், 1.2 செ.மீ. என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர், வெட்டி எடுத்துவிட்டுக் கன்னத்துத் தோலைத் திருப்பி மூடலாம் என்கிறார். இன்னொருவர், கத்தியே வேண்டாம், 20 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் போதும் என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று அப்பா பயப்படுகிறார். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் வேறு. எதைச் செய்வது?
- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். நான் அறுவை சிகிச்சைக்காரன். கத்தி பிடிப்பவனிடம் கேட்டால் வெட்டத்தான் சொல்வான் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. உங்களிடம் பேசிய இரண்டு டாக்டர்களுமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வழியிலும் இந்த நோய் குணமாகும். ஆனாலும் என் அப்பாவாக இருந்தால் வெட்டி எடுக்கத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

அதற்கு முன் அப்பாவின் பயம். கத்தி பட்டால் பரவும் என்பது ஊர்ப்பேச்சு, அவ்வளவுதான். உலகத்தில் அதிகம் காணப்படும் தோல் புற்றுநோய் இதுதான். நுரையீரல், ஈரல் என்று இது தாவுவது மிக மிக அரிது. இதன் சேட்டையெல்லாம் இருக்கிற இடத்திலேயே. விட்டுவைத்தால் குருத்தெலும்பு, எலும்பு என்று மெல்ல அரித்துக்கொண்டு போகும். ஆங்கில வைத்தியர்கள் அந்தக் காலத்தில் இதை எலி கொறித்த புண் என்றுதான் அழைத்தார்கள். நம் நிறத்துக்கு இது பெரும்பாலும் கறுப்பாகவே தெரிவதால் மச்சம், மரு என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அப்பா இரண்டு வருடத்தில் வந்ததே பரவாயில்லை.

சரி, ஏன் கத்தி? இரண்டு சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று பிரான்சில் நடந்து 1997-ல் வெளியானது. முகத்தில் 4 செ.மீ.க்குக் குறைவான இதே கட்டி உள்ள 347 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்தவர்களில் 0.7 சதவீதம் பேருக்கும் கதிர்வீச்சு எடுத்தவர்களில் 7.5 சதவீதம் பேருக்கும் கட்டி மிஞ்சியோ திரும்பியோ இருந்தது. எனக்கே வியப்பாக இருந்தது தழும்பு விஷயம்தான். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்றவர்கள் அறுவையில் 87 சதவீதம், கதிர்வீச்சில் 69. அன்றைய கதிர்வீச்சுக் கருவிகள் வேறு, இன்றையவை வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வெட்டிய தழும்பு நாளாக நாளாக மங்கும். கதிர்வீச்சு பட்ட தோல் வருடங்கள் போகப் போக வெளுத்து, மெலிந்து, நூல் நூலாக ரத்த நாளம் தெரிய ஆரம்பிக்கும். இது இன்றைக்கும் மாறவில்லை.

இன்னொன்று, வெட்டினால் கையில் ஒரு துண்டு கிடைக்கிறது. அதன் ஓரங்களில் மை தடவி, மெல்லிய சீவலாகச் சீவி, பேத்தாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். மை தொட்ட இடத்தில் புற்று செல் இல்லையென்றால் முழுசாக வந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பார். கதிர்வீச்சில் அந்தக் காகிதம் கிடைக்காது.

என் நிபந்தனையும் இங்கேதான். மூக்கு, கண்ணோரம், காது ஆகிய இடங்களில் இந்தக் கட்டி கண்ணுக்குத் தெரிவதைவிட அகலமாக வேர்விட்டிருக்கும். ஓரம் சுத்தம் என்று தெரிவதற்கு முன்பே கன்னத்துத் தோலைத் திருப்பித் தைத்துவிட்டால், மிச்சம் இருப்பது அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். பிறகு எங்கே தேடுவது? அதனால் டாக்டரிடம், ‘ஓரம் பார்த்த பிறகுதானே மூடுவீர்கள்?’ என்று கேளுங்கள். ஃப்ரோசன் செக்‌ஷன் என்று அங்கேயே உறையவைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் சில நாள் கட்டுப்போட்டு வைத்து, ரிப்போர்ட் வந்தபின் மூடலாம். அடுக்கடுக்காக எடுத்து முழு ஓரத்தையும் பார்க்கும் மோஸ் அறுவை இன்னும் நல்லது. ஆனால் நம் ஊர்ப்பக்கம் சில இடங்களில்தான் கிடைக்கும். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற டாக்டராக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

கதிர்வீச்சை நான் மட்டம் தட்டவில்லை. அப்பாவுக்கு 85 வயதாகி, இதயம் பலவீனமாக இருந்திருந்தால் அங்கேதான் அனுப்பியிருப்பேன். விளக்கமெல்லாம் கேட்ட பிறகும் கத்தி வேண்டவே வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அதுவே வழி, உடம்பு அவருடையது. கரண்ட் என்று பேர்தானே தவிர ஷாக் அடிக்காது, அந்த நேரத்தில் வலியும் இருக்காது. முகத்துக்கு அச்சு எடுத்த வலை மாதிரியான பிளாஸ்டிக் முகமூடி போட்டு, தேவைப்பட்டால் மூக்குத் துவாரத்துக்குள் மெழுகு பூசிய சிறு ஈயத்துண்டு வைத்து, சில நிமிடம் படுக்கவைப்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, நான்கு வாரம். மூன்றாவது வாரவாக்கில் மூக்கு சிவந்து, பொருக்குக் கட்டி, உள்ளே வறண்டு எரியும். ஆற மேலும் நான்கைந்து வாரம் பிடிக்கும். 20 நாளும் அப்பாவோடு யார் போய்வருவது என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அறுவையில் ஓரம் சுத்தமாகவில்லை, அல்லது நரம்பைச் சுற்றிப் போயிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், பின்னால் கதிர்வீச்சு கொடுக்கலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு திரும்பி வந்தால், அதே இடத்தில் மறுபடி கதிர்வீச்சு கொடுப்பது பொதுவாக முடியாது. அந்தத் தோலில் கத்தி வைத்தால் ஆறவும் அடம்பிடிக்கும்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். இவ்வளவு சின்ன அறுவைக்குப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. மூக்கை மரத்துப்போக ஊசி போட்டே செய்துவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். பயாப்ஸி செய்த இடத்தில் ரிப்போர்ட்டோடு கண்ணாடி ஸ்லைடையும், சதைத்துண்டு பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். இது மெதுவாக வளரும் கட்டி, சில வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இப்போது ஐப்பசிதான். கார்த்திகைக்குள் முடித்துவிட்டால், ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடுவார்கள். தையில் மூக்கோரம் ஒரு சிவந்த கோடு இருக்கும். பந்தலில் நாலு பேர் கேட்கத்தான் கேட்பார்கள். ஷேவ் பண்ணும்போது பிளேடு பட்டுவிட்டது என்று அப்பா சொல்லிக்கொள்ளட்டும். அவர் இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததும் அதைத்தானே!