‘எழுதிக் கொடுத்துட்டு சமாதானமாப் போங்க’

கேள்வி: நான் சித்தேரி மலையைச் சேர்ந்த பழங்குடி மாணவன். தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 58 பேர் இருக்கிறோம். அதில் உதவித்தொகை பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். இரண்டு பேர் என் சாதிப் பெயரைச் சொல்லி, ‘கோட்டாவுல வந்தவன், மலைக்கே போய்க் கிழங்கு தோண்டு’ என்று போட்டார்கள். அடுத்த வாரம் விடுதி மெஸ்ஸில் என் தட்டின் அடியில் யாரோ ஆணியால் அதே பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். கல்லூரியில் சொன்னேன். அந்த இருவரையும் மன்னிப்புக் கேட்க வைத்து, ‘இனி புகார் இல்லை’ என்று என்னிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும் தம்பி. அந்தக் கையெழுத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். கல்லூரி அறையில் எழுதி வாங்கிய தாள் அதைத் தடுக்காது.

பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லி உங்களைத் திட்டினால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஸ்) பொருந்தும். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 3(1)(ஆர்). இரண்டுக்கும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ‘அவன் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது’ என்று கூடப் படிக்கிறவர்கள் எளிதில் தப்ப முடியாது. பழக்கம் இருந்தாலே தெரியும் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

எதிர்த்தரப்பு வக்கீல் கை வைக்கும் இடம் ‘பொதுமக்கள் பார்வை’. லால்குடி பக்கத்து வழக்கு ஒன்றில், திட்டியது ஓர் அலுவலக அறைக்குள், அப்போது வெளியாட்கள் யாரும் இல்லை என்பதால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. உங்கள் குழு மூடிய குழு என்றுதான் அவர்கள் வாதாடுவார்கள். அதனால், அந்தச் செய்தியைப் படித்த வகுப்புத் தோழர்கள் இரண்டு மூன்று பேர் சாட்சி சொல்ல முன்வருவது மிக முக்கியம். உங்கள் நெருங்கிய நண்பர்களாக மட்டும் இல்லாமல், பொதுவான ஒருவரும் இருந்தால் நல்லது.

குழுவை விட்டு வெளியேறாதீர்கள், அரட்டையை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி, அந்தப் பதிவு எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழோடு கொடுத்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். தட்டை அப்படியே ஒரு பையில் போட்டு வையுங்கள். தேதி தெரியும்படி போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் கீறியது என்று தெரியாவிட்டால் புகாரிலும் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். யூகத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் உண்மையான பகுதியும் பலமிழந்துவிடும். சொன்ன வார்த்தைகளை மாற்றாமல், கூசினாலும் அப்படியே எழுதுங்கள்.

காவல் நிலையத்தில் ‘விசாரிச்சுட்டுச் சொல்றோம்’ என்பார்கள். முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த பிரிவு 18ஏ தெளிவாகச் சொல்கிறது. விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி. பதிய மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். வன்கொடுமைப் புகார்களுக்கென 14566 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வழக்கை அரசு வக்கீல்தான் நடத்துவார். தனியாக வக்கீல் தேவைப்பட்டால், பழங்குடியினருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே ஏற்பாடு செய்யும்.

சரி, கல்லூரி செய்ய வேண்டியதும் மிச்சம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2012 விதிகள்படி சம வாய்ப்பு மையமும், பாகுபாடு குறித்த புகார்களுக்கென ஓர் அலுவலரும் அங்கே இருக்க வேண்டும். சாதி சொல்லி இழிவாகப் பேசுவதும், விடுதியிலும் மெஸ்ஸிலும் பிரித்து வைப்பதும் அந்த விதிகளில் வருகின்றன. புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும். வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சாதியைக் குறிவைத்துச் செய்வதும் ராகிங்தான் என்று 2016-இல் யுஜிசியின் ராகிங் தடுப்பு விதி திருத்தப்பட்டிருக்கிறது. அதற்கான உதவி எண் 1800-180-5522.

இந்த ஊரில் நான் நிறையப் பெற்றோரைப் பார்க்கிறேன். மலையிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை படிப்பை விட்டுவிட்டுத் திரும்பினால், காரணம் யாரும் கேட்பதில்லை. நீங்கள் வகுப்பை விடாதீர்கள். கல்லூரிக்குக் கொடுக்கும் மனுவில் தண்டனையை மட்டும் கேட்காமல், மெஸ் தட்டுகளைப் பொதுவாக்க வேண்டும், வகுப்புக் குழுவை ஓர் ஆசிரியர் கண்காணிக்க வேண்டும், சாட்சி சொல்லும் மாணவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக் காலையே கொடுத்துவிடுங்கள்.